புளியங்கொட்டையும் முதன்மை எண்ணும்

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் பெற்றோருக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முந்நூற்றிநாலு விளையாடத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் உயர்த்துவீர்கள். இன்னும் கொஞ்சப் பேர், பக்கத்தில் மனைவி இருப்பதால் உயர்த்த மாட்டீர்கள். கோவில் மடத்திலும் வாசிகசாலை விறாந்தையிலும் செத்தவீட்டுப் பந்தலிலும் விடிய விடிய நடக்கிற அந்தக் கடுதாசி விளையாட்டில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

32 கடுதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தின் எட்டுக் கடுதாசியையும் கூட்டினால் 76. நாலு இனத்துக்கும் 304. விளையாட்டின் பெயரே ஒரு கூட்டுத்தொகை. ஒருவர் 160 கேட்டு எடுத்தால், எதிர்ப்பக்கத்தார் 145 சேர்த்தவுடன் அவர் கவிழ்ந்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு பிடி விழும்போதும் நாலு பேரும் மனதுக்குள் கூட்டிக்கொண்டும் 304இல் இருந்து கழித்துக்கொண்டும் இருக்கிறார்கள். போன கடுதாசி எது, கையில் மிஞ்சியது எது என்று வேறு நினைவு வைத்திருக்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத ஆட்களும் அந்த வட்டத்துக்குள் இருப்பார்கள். அவர்களுக்குக் கணக்குப் பிழைப்பதை நான் பார்த்ததில்லை. பிழைத்தால் கூட்டாளி விடமாட்டான்.

அந்தக் கணக்கு ஆட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் ஒரு கணக்குச் செய், பிறகு விளையாடலாம் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. கணக்குத்தான் ஆட்டம். கடைகளிலும் இணையத்திலும் விற்கிற கணித விளையாட்டுப் பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி அட்டையை எடு, ஏழெட்டு எத்தனை என்று சொல், சரியென்றால் தாயத்தை உருட்டு, பிழையென்றால் இரண்டு கட்டம் பின்னுக்குப் போ. இது பரீட்சை வினாத்தாளுக்குச் சாயம் பூசிய வேலை. பிள்ளைக்கு அது உடனே விளங்கிவிடும். கணக்கை வழிமறிப்பாகவும், வழிமறிப்பைத் தாண்டினால் கிடைக்கிற மிட்டாயாக விளையாட்டையும் வைத்தால், அந்தப் பிள்ளை படிப்பது ஒன்றுதான்: கணக்கு ஒரு தொல்லை.

சரி, எங்களிடம் ஏற்கனவே இருப்பதைப் பார்ப்போம். சிவராத்திரிக்கு நித்திரை முழிக்க ஆடுகிற தாயத்தை எடுங்கள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம். ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஆக, விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12. இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். பன்னிரண்டு விழ ஒரே வழி. ஆறு விழவும் ஒரே வழி. ஒன்றுக்கு, அதாவது தாயத்துக்கு, இரண்டு வழி, ஐந்துக்கு இரண்டு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி. மூன்றுக்கு நாலு வழி. கூட்டிப் பாருங்கள், 16 சரியாக வரும்.

இப்போது எங்கள் பழைய பின்னக் கணக்கைக் கொண்டு வருவோம். எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று வீசம். பன்னிரண்டு விழும் வாய்ப்பு வீசம். தாயம் விழும் வாய்ப்பு அரைக்கால். மூன்று விழுவது கால். இரண்டும் நாலும் தனித்தனியே அரைக்காலே வீசம். பல வீட்டு வழக்கில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் அல்லவா? அந்த நாலையும் சேர்த்தால் காலே அரைக்கால். இடைநிலை வகுப்பில் நிகழ்தகவு என்ற தலைப்பில் பிள்ளைகள் மிரளுகிற பாடம், தாயம் ஆடுகிற கிழவிகளுக்குக் கைப்பழக்கமாக இருந்தது. எந்தக் காயை எங்கே நிறுத்தினால் எதிரியின் மூன்றுக்கு அகப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்றுதான் அடிக்கடி விழும் என்பதையும் அவர்கள் யாரிடமும் கேட்டு அறியவில்லை.

அந்தப் பின்னங்கள் வீசத்தோடு நிற்கவில்லை. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 160இல் ஒன்று அரைக்காணி, 320இல் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளை சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்லி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று படிப்படியாக ஏறினார்கள். வாய்தான் கொப்பி. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்து செந்தில் பாபு 2022இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டிருக்கிறார். அந்த மனப்பாடம் வெறும் கிளிப்பேச்சு அல்ல, நெல் அளப்பவனுக்கும் காணி அளப்பவனுக்கும் வேண்டிய தொழிற்பயிற்சி என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணுகிற கணக்கு ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியிருக்கிற சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. சரிவருமா என்று என்னைக் கேட்காதீர்கள். தென்மராட்சியில் சொந்தக்காரர் இருந்தால் ஒரு பழத்தை எடுப்பித்து, எண்ணி, வெட்டிப் பாருங்கள். சரிவராவிட்டாலும் பலாப்பழம் மிச்சம்.

இனி நான் வீட்டில் செய்த அட்டை. இதற்குச் செலவு என்று ஒன்றுமில்லை. பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கம், அடிமட்டம், பேனை. 30 சென்ரிமீற்றர் சதுரம், அதற்குள் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம். கீழ் வரியில் 1 முதல் 10, அதற்கு மேல் 11 முதல் 20, இப்படியே 100 வரை. எல்லா வரியும் இடமிருந்து வலமாகத்தான் போகவேண்டும். பாம்பும் ஏணியும் அட்டையில் ஒரு வரி வலப்பக்கமாகவும் அடுத்த வரி இடப்பக்கமாகவும் வளைந்து வளைந்து ஏறும். அதில் 23க்கு நேர் மேலே இருப்பது 38. அது பிள்ளைக்கு எதையும் சொல்லாது. நேர் வரிகளில் 23க்கு மேலே 33, அதற்கு மேலே 43. பத்தைக் கூட்டுவது என்றால் ஒரு படி மேலே ஏறுவது என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பிடித்துக்கொள்ளும். ஒன்பதைக் கூட்டுவது ஒரு படி ஏறி ஒரு கட்டம் இடப்பக்கம் வருவது. இதை நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் தாங்களே விரலை அப்படி வைக்கத் தொடங்கினார்கள்.

தாயக்கட்டை எல்லா வீட்டிலும் இல்லை. சோகி இருந்தால் நல்லது. அதுவும் இல்லையென்றால் நாலு புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைச் சீமெந்து நிலத்தில் உரஞ்சி வெள்ளை தெரியச் செய்யுங்கள். வெள்ளை எத்தனையோ அத்தனை புள்ளி. நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு. ஒரு முறைக்கு இரண்டு தரம் போடவேண்டும். இரண்டு எண் கிடைக்கும். அந்த இரண்டையும் கூட்டலாம், பெரிதில் இருந்து சிறிதைக் கழிக்கலாம், பெருக்கலாம், மீதி வராது என்றால் வகுக்கலாம். வருகிற விடையளவு முன்னே போகலாம். எதைச் செய்வது என்பது ஆடுபவரின் விருப்பம். ஆளுக்கு இரண்டு காய். 100இல் சரியாக இறங்கினால் பழம்.

வெட்டுகிற விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். எதிரியின் காய் நிற்கிற எண்ணுக்கு எது காரணியோ, அந்தக் கட்டத்தில் நான் இறங்கினால் அவருடைய காய் வெட்டுப்படும், திரும்ப வெளியே போய் நிற்கவேண்டும். நீங்கள் 36இல் நிற்கிறீர்கள், நான் 12இல் வந்து இறங்குகிறேன். உங்கள் காய் போயிற்று. 18இல் இறங்கினாலும் போயிற்று. ஒன்றுக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறேன். ஒன்று எல்லா எண்ணுக்கும் காரணி என்பதால், அதில் வந்து குந்துகிறவர் அட்டை முழுவதையும் வெட்டித் தள்ளிவிடுவார்.

ஒரு வீட்டு விறாந்தையில் அம்மம்மாவும் பேரனும் ஆடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பேரன் தரம் 5. அவனுடைய காய் 29இல். புளியங்கொட்டை நாலும் மூன்றுமாக விழுந்தது. கூட்டினால் ஏழு, 36க்குப் போகலாம். கழித்தால் ஒன்று, 30. பெருக்கினால் பன்னிரண்டு, 41. அம்மம்மாவின் காய் பின்னால் 11இல் நிற்கிறது. பேரன் 36இல் காயை வைக்கப் போனான். கிழவி சொன்னா: "மோனை, முப்பத்தாறிலை நிக்காதை. எனக்கு ஒண்டு விழுந்தாலும் பன்னிரண்டிலை குந்துவன், ஏழு விழுந்தாலும் பதினெட்டிலை குந்துவன்." அவன் 30ஐப் பார்த்தான். "அங்கையும் வேண்டாம், நாலு விழுந்தால் பதினைஞ்சு." பிறகு அவனாகவே 41இல் கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "ஓ, அதுக்கு நான் வாறதெண்டால் அங்கையே வந்து இறங்கோணும். என்னாலை ஏலாது." அந்த மனிசிக்கு முதன்மை எண் என்ற பெயர் தெரியாது. ஆனால் 41 ஏன் கோட்டை என்று தெரியும். பேரனுக்குப் பெயர் தெரியும். அது எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு நகர்வுக்கு அந்தப் பிள்ளை எத்தனை கணக்குச் செய்தான் என்று பாருங்கள். மூன்று செய்கை, மூன்று கூட்டல், இரண்டு எண்ணின் காரணிகள், எதிரி வந்து சேரும் தூரம். வேலைத்தாளில் இவ்வளவையும் கொடுத்தால் தாயும் பிள்ளையும் சண்டை பிடித்து முடிய இரவு பத்து மணியாகும். இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. வெட்டுப்படாமல் தப்பவேண்டும் என்ற ஆசைதான் கேட்டது. 100க்குள் இருக்கிற 25 முதன்மை எண்களையும் பிள்ளைகள் தங்குமடம் போலப் பாடமாக்கிவிடுகிறார்கள். 60, 72, 84, 90, 96 ஐந்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு காரணிகள். அவற்றைத் தாண்டி ஓடுகிறார்கள். அந்தக் கட்டங்களுக்கு நெருப்புக் கட்டம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பொதுக் காரணிகளுட் பெரியது என்ற பாடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும், நல்ல நினைவாக அல்ல. எதிரியின் இரண்டு காய்கள் 24இலும் 36இலும் நிற்கின்றன என்று வையுங்கள். ஒரே வெட்டில் இரண்டையும் எடுக்க எங்கே இறங்கலாம்? 2, 3, 4, 6, 12. இவற்றில் பிள்ளை எதை விரும்புவான்? 12ஐத்தான். அதுதான் முன்னுக்கு இருக்கிறது. பெரிய காரணியை ஏன் தேடவேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகம் இவ்வளவு சுருக்கமாகக் காரணம் சொன்னதில்லை.

சொற்களுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக் கணக்கு நன்றாக வரும். தோட்டக்காரரின் பிள்ளைக்குச் சந்தையில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு போனால் என்ன மிஞ்சும் என்று கேட்கத் தேவையில்லை, வயிற்றெரிச்சலோடு தானே சொல்லுவான். ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு 10 பேர்ச் என்பதும் காணிக் கதை கேட்டுக் கேட்டுப் பழகியது. வினாத்தாளில் வித்தியாசம், பெருக்கம், ஈவு, சேர்த்தி எண் என்று வரும்போதுதான் தடுமாறுகிறான். கணக்குத் தெரியாததால் விடுகிற புள்ளி ஒன்று, வினா விளங்காததால் விடுகிற புள்ளி இன்னொன்று. இரண்டாவதை நாங்கள் முதலாவதாக எண்ணிப் பிள்ளைக்கு மேலும் இருபது கூட்டல் கணக்குக் கொடுக்கிறோம்.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பாடநூல் சொற்களில் பெரும்பகுதி 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகள் வெளியிட்ட காலத்தில் நிலைபெற்றது. தமிழ்நாடு வேறு வழியால் போனது. இங்கே முதன்மை எண், அங்கே பகா எண். இங்கே ஆரை, அங்கே ஆரம். இங்கே அட்சரகணிதம், அங்கே இயற்கணிதம். அந்தக் கலைச்சொல் தொகுதிகளுக்கு நூறு வருடத்துக்கு முன்பே வட்டுக்கோட்டை செமினரியில் படிப்பித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் அந்தப் பாடத்துக்குத் தமிழில் நூல் எழுதியபோது வீசகணிதம் என்றார். பிள்ளை யூரியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் நல்ல பாடத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வினாத்தாளில் முழிக்கிறான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு சொல்லும் தெரிந்திருப்பது பலந்தான். ஆனால் பரீட்சைக்குரிய சொல் வாயில் புழங்கவேண்டும். கேட்டால் மட்டும் போதாது.

ஆகையால் ஒரு விதி வைத்தேன். காயை நகர்த்துபவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். "நாலினதும் மூன்றினதும் பெருக்கம் பன்னிரண்டு. இருபத்தொன்பதுடன் கூட்டினால் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று முதன்மை எண்." சொல் பிழைத்தால் முறை போகாது. கூட்டுவதா, கழிப்பதா, பெருக்குவதா என்று தெரிவு செய்கிற உரிமை மட்டும் எதிரிக்குப் போகும். எதிரி உங்களை நேரே நெருப்புக் கட்டத்துக்கு அனுப்புவார். இந்தத் தண்டனை பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, அடுத்தவருக்குக் கிடைக்கும்போது. மணிக்கூடு பார்த்து ஆடுவதை நான் அனுமதிப்பதில்லை. அபகஸ் வகுப்புப் போட்டிகளில் விரைவுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். மெதுவாக யோசிக்கிற பிள்ளையை விரட்டினால் அது யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கும்.

வாய்விட்டுச் சொல்வது என் பிடிவாதம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர் வகுப்புப் பிள்ளைகள். ஒரு நேர்கோட்டில் 1 முதல் 10 வரை கட்டங்கள், ஒன்றும் இரண்டும் மட்டும் காட்டுகிற ஒரு சுழலி. கால் மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய, நாலே நாலு அமர்வு. இன்னொரு தொகுதிப் பிள்ளைகளுக்கு அதே அட்டை, எண்ணுக்குப் பதிலாக நிறங்கள். எண் அட்டையில் ஆடிய பிள்ளைகள் எண்ணுவதிலும், எது பெரிது எது சிறிது என்று சொல்வதிலும், எண்கோட்டில் எண்ணை இடம்பார்த்து வைப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது கிழமை கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிற அட்டைக்காரருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சீக்லர் பிறகு எலிடா லாஸ்கியுடன் சேர்ந்து 100 வரை உள்ள அட்டையில் சோதித்தார், 2014இல் வெளிவந்தது. அதில்தான் எங்களுக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. காய் 45இல் நிற்க இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்திய பிள்ளைகளுக்குப் பெரிய பயன் இல்லை. "நாற்பத்தாறு, நாற்பத்தேழு" என்று கட்டத்து எண்ணை வாசித்துக்கொண்டு நகர்த்தியவர்களே கற்றார்கள். அட்டை ஒன்று, ஆட்டம் ஒன்று. வாயில் வந்த சொல் மட்டுந்தான் வேறு. வீட்டில் பாம்பும் ஏணியும் ஆடினால்கூட இந்த ஒன்றைச் செய்யுங்கள், செலவில்லை.

பற்றறி விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்க வசதியில்லை என்று சில பேர் கவலைப்படுகிறீர்கள். 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லாமல், பற்றறிக்கும் தடை போட்டு, மண்ணெண்ணெயைத் துளி துளியாக எண்ணி ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு ஒரு கலண்டர் அட்டை பெரிய காரியமல்ல.

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு நூறு கட்டம் வேண்டாம். 20 போதும், கூட்டல் மட்டும் போதும், வெட்டுவதும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் வெட்டுப்பட்டால் அழுவார்கள். தரம் 3இல் கழித்தலைச் சேருங்கள். காரணி விதி பெருக்கல் வாய்பாடு ஓரளவு ஓடிய பிறகுதான். மூத்த பிள்ளைகளுக்குப் பூச்சியத்துக்குக் கீழே ஐந்து வரி கூட்டி −50 வரை கொண்டு போனால் மறை எண்ணும் வரும். அப்போது கழித்தலில் எதில் இருந்து எதைக் கழிப்பது என்பதும் ஆடுபவரின் விருப்பமாகட்டும், காய் பின்னாலும் போகட்டும். சதுர எண்ணில் இறங்குகிறவருக்கு இன்னொரு முறை கொடுத்துப் பார்த்தேன், நல்லாக ஓடியது. புளியங்கொட்டை நேர்மையானதா என்று சந்தேகம் வந்தால் ஐம்பது தரம் போட்டு வரவுக் குறி இடச் சொல்லுங்கள். வெள்ளையும் கறுப்பும் சமமாக விழுகிற கொட்டை என்றால் 16இல் ஆறு பங்குக்கு இரண்டு வெள்ளை வரவேண்டும். உங்கள் கொட்டையில் அப்படி வராது. ஏன் வரவில்லை என்று பிள்ளையும் நீங்களும் ஒரு பின்னேரம் சண்டை பிடிக்கலாம்.

கூட்டம் தொடங்கமுன் ஓர் ஆசிரியை, "சேர், இதை அச்சடிச்சு பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கலாமே" என்று கேட்டா. கொடுக்கலாந்தான். ஆனால் அட்டை கீறுகிறபோதே நடக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. 30 சென்ரிமீற்றரைப் பத்தாகப் பிரிப்பது, செங்கோணம் பிடிப்பது, எண்களை வரி வரியாக நிரப்புவது. அதை அச்சுக்காரருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பின்வாங்கில் நாலு அட்டை வைத்திருக்கிறேன், தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆடிப் பாருங்கள். கொண்டுபோக வேண்டாம், பார்த்துக் கீறுங்கள். வருகிற சனிக்கிழமை பின்னேரம் இதே இடத்தில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரு கலண்டர் அட்டையும் அடிமட்டமும் கொண்டு வந்தால் போதும். புளியங்கொட்டை என்னிடம் ஒரு சுளகு இருக்கிறது.